மலைக்குளிரும் என்ஜின் ஆயிலும்: சிந்தெடிக் எந்த வண்டிக்கு, மினரல் எந்த வண்டிக்கு?

ஊட்டியில் டிசம்பர் பிறந்துவிட்டால் தேங்காய் எண்ணெயைப் பாட்டிலிலிருந்து ஸ்பூனால் தோண்டித்தான் எடுக்க வேண்டும். இதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, வண்டியின் அடிவயிற்றில் கிடக்கும் ஆயிலும் விடியற்காலையில் அப்படித்தான் இறுகிப்போயிருக்கும் என்று தோன்றுவதில் வியப்பில்லை. உதிரிபாகக் கடைகளுக்கும் இது வசதி. "மலைக்குளிருக்கு மினரல் தாங்காது, சிந்தெடிக் போட்டுவிடுங்கள்" என்றால் எதிர்க்கேள்வி வராது. மினரல் என்றால் கச்சா எண்ணெயைச் சுத்திகரித்து எடுத்தது; மூலக்கூறுகளையே திருத்தியோ புதிதாகக் கட்டியோ எடுத்தது சிந்தெடிக். விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு. சில ரகங்களில் அதற்கும் மேல்.

இந்த அறிவுரை சில வண்டிகளுக்குச் சரியானதுதான். சொல்லப்படும் காரணம்தான் தவறு. காரணம் தவறிப்போனதால், சிந்தெடிக் கட்டாயம் தேவைப்படும் வண்டிகள் மினரலில் ஓடுகின்றன. தேவையே இல்லாத ஸ்கூட்டரில் விலை உயர்ந்த ஆயில் தண்ணீரோடு கலந்து வீணாகிறது.

குளிர்க் கணக்கை முதலில் முடித்துவிடலாம். தேங்காய் எண்ணெய் 24 டிகிரி செல்சியஸை ஒட்டியே இறுகத் தொடங்கிவிடும். என்ஜின் ஆயிலுக்கு அந்தக் குணம் கிடையாது. டப்பாவில் 20டபிள்யூ-40, 10டபிள்யூ-30 என்று அச்சிட்டிருப்பதில், டபிள்யூவுக்கு முந்தைய எண் குளிரில் ஆயில் எப்படி ஓடும் என்பதையும், பிந்தைய எண் 100 டிகிரிச் சூட்டில் அது எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதையும் சொல்கிறது. 20டபிள்யூ என்று போட்டுக்கொள்ள வேண்டுமானால், மைனஸ் 15 டிகிரியில் என்ஜினைச் சுழற்ற முடிகிற அளவுக்கும், மைனஸ் 20 டிகிரியில் பம்ப் இழுக்க முடிகிற அளவுக்கும் ஆயில் இளக்கமாக இருந்தாக வேண்டும். 15டபிள்யூ, 10டபிள்யூ, 5டபிள்யூ என்று இறங்க இறங்க, அந்தச் சோதனை ஒவ்வொரு படிக்கும் 5 டிகிரி கடுமையாகும். தலைகுந்தாவிலும் அவலாஞ்சியிலும் புல்வெளி வெள்ளைவெளேரென்று உறைபனி போர்த்திக் கிடக்கிற காலையில்கூட வெப்பநிலை பூஜ்ஜியத்தை ஒட்டியோ அதற்குச் சில டிகிரி கீழேயோதான் இருக்கும். மிகச் சாதாரண மினரல் ஆயிலுக்கே அது எட்டாத குளிர் அல்ல.

அதற்காகக் காலை ஸ்டார்ட்டில் வேறுபாடே இருக்காது என்று சொல்ல வரவில்லை. கோவையின் 25 டிகிரியில் இருக்கும் அதே 20டபிள்யூ-40 ஆயில், ஊட்டியின் 5 டிகிரியில் மூன்று நான்கு மடங்கு கெட்டியாகிவிடும். ஸ்டார்ட்டர் முனகும், வயதான பேட்டரி கைவிடும், ஆயில் மேலேறி வால்வுப் பகுதியை நனைக்கச் சில நொடிகள் கூடுதலாகும். ஆனால் இதற்குத் தீர்வு முந்தைய எண்ணைக் குறைப்பதில் இருக்கிறது. உங்கள் வண்டியின் கையேடு 10டபிள்யூ-30ஐ அனுமதித்தால், மினரல் 10டபிள்யூ-30 ஊற்றினாலே காலைச் சிரமம் பெருமளவு குறைந்துவிடும்.

சிந்தெடிக் விளம்பரங்களில் பனிமலை வருவதற்கு வேறொரு பின்னணி உண்டு. இரண்டாம் உலகப் போரில் கச்சா எண்ணெய்த் தட்டுப்பாடும் ரஷ்யக் குளிரும் ஒருசேர நெருக்கியபோது, ஜெர்மனி செயற்கை மசகு எண்ணெய்களில் இறங்கி வேலை செய்தது. பிறகு ஜெட் என்ஜின்களுக்கு அவை இன்றியமையாதவை ஆயின. 1970களில்தான் கார் வைத்திருப்பவர்களுக்கென்று கடைக்கு வந்தன. ஸைபீரியக் குளிருக்குச் சொன்ன மருந்தைக் கேத்தி பள்ளத்தாக்குக் குளிருக்கு விற்பது கொஞ்சம் அதிகப்படி.

இனி டப்பாவுக்குள். ஒரு லிட்டர் ஆயிலில் முக்கால் பங்குக்கு மேல் அடிப்படை எண்ணெய், மீதி, சேர்மானங்கள். கரியைக் கழுவுவது, அதைத் திரளவிடாமல் மிதக்க வைப்பது, அமிலத்தை முறிப்பது, தேய்மானத்தைத் தடுப்பது எல்லாம் சேர்மானங்களின் வேலை. மினரல், சிந்தெடிக் என்ற பிரிவு அடிப்படை எண்ணெயைப் பொறுத்தது மட்டுமே. அமெரிக்கப் பெட்ரோலியக் கழகமான ஏபிஐ இவற்றை ஐந்து வகுப்புகளாகப் பிரித்திருக்கிறது. முதல் இரண்டும் கச்சா எண்ணெயைச் சுத்திகரித்து எடுப்பவை. கடைகளில் மினரல் என்று விற்பவை. மூன்றாவதும் கச்சா எண்ணெயிலிருந்தே பிறக்கிறது. ஆனால் ஹைட்ரஜனோடு கடும் அழுத்தத்திலும் சூட்டிலும் வைத்து, மூலக்கூறுகளையே உடைத்துத் திருத்தி எடுக்கப்படுகிறது. நான்காவது, ஆய்வுக்கூட வேதியியலில் கட்டியெழுப்பிய பாலி ஆல்ஃபா ஓலிஃபின். ஐந்தாவது வகுப்பில் எஸ்டர் முதலான ஏனையவை.

மூன்றாம் வகுப்பைச் சிந்தெடிக் என்று விற்கலாமா என்று அமெரிக்காவின் இரு பெரிய நிறுவனங்கள் மோதிக்கொண்டன. விற்கலாம் என்று 1999இல் அங்குள்ள விளம்பரத் துறையின் சுய கண்காணிப்பு அமைப்பு ஒப்புக்கொண்டது. இன்று நம் கடைகளில் ஃபுல்லி சிந்தெடிக் என்று அடுக்கி வைத்திருப்பவற்றில் பெரும்பகுதி இந்த மூன்றாம் வகுப்பைச் சேர்ந்ததுதான். இதைக் கேட்டு ஏமாந்துவிட்டோம் என்று நினைக்க வேண்டாம், வேலை நன்றாகவே செய்கிறது. செமி சிந்தெடிக் என்பதுதான் மங்கலானது. அதில் எத்தனை பங்கு சிந்தெடிக் என்று டப்பா பெரும்பாலும் சொல்வதில்லை.

சீராகக் கட்டப்பட்ட மூலக்கூறு என்பதால் சிந்தெடிக்குக்கு மூன்று நன்மைகள் இயல்பாகவே வருகின்றன. சூட்டில் காற்றோடு சேர்ந்து கெட்டுப்போவது மெதுவாக நடக்கிறது. ஆவியாகிக் குறைவது கம்மி. சூடேறினாலும் குளிர்ந்தாலும் கெட்டித்தன்மை அதிகம் மாறுவதில்லை. மினரலில் இந்தக் கடைசிக் குணத்தை பாலிமர் சேர்த்துத்தான் வரவழைக்க வேண்டும். அந்த பாலிமர் இழைகள் பற்சக்கரங்களுக்கு இடையே மாட்டி நாளடைவில் அறுந்துபோகும். மூன்றுமே சூட்டோடு தொடர்புடையவை என்பதைக் கவனிக்க வேண்டும். அந்தச் சூட்டுக்கும் மலைப்பாதையில் பஞ்சமில்லை.

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர். குன்னூர் 1,850 மீட்டரை ஒட்டி. இடையிலுள்ள தூரம் 35 கிலோமீட்டர்கூட இல்லை. கல்லாறு தாண்டியதும் தொடங்கும் ஏற்றத்தில், மளிகை மூட்டை ஏற்றிய பிக்கப் இரண்டாவது, மூன்றாவது கியரை விட்டு மாறுவதே இல்லை. என்ஜின் முழு மூச்சில் உழைக்கிறது. வண்டியோ 20, 25 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்கிறது. வேகம் இல்லாததால் குளிர்விக்கும் காற்றும் இல்லை. பர்லியார் வரை சமவெளியின் புழுக்கமும் கூடவே வரும். காற்றால் குளிரும் பைக் என்ஜினுக்கு இன்னும் மோசம். ஆயிலின் சூடு ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் அது கெடும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது என்பது வேதியியலில் ஒரு தோராய விதி. மினரல் ஆயில் கெட்டிப்பட்டுப் பிசினாக மாறுவதும், பிஸ்டன் வளையங்களின் பள்ளத்தில் அரக்காக ஒட்டிக்கொள்வதும் இப்படிப்பட்ட ஓட்டத்தில்தான்.

இதோடு உயரமும் சேர்கிறது. ஊட்டியின் 2,240 மீட்டரில் காற்றழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். டர்போ, அதாவது புகையின் விசையில் சுழன்று கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி, இல்லாத என்ஜின் தன் வலுவில் கால் பங்கை இழக்கிறது; ஓட்டுநர் ஆக்ஸிலரேட்டரை இன்னும் அழுத்தி ஈடுகட்டுகிறார். டர்போ இருந்தால் அது கூடுதலாகச் சுழன்று ஈடுகட்டுகிறது. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளைத் தாண்டிச் சுழலும் அந்த மெல்லிய தண்டைத் தாங்கி நிற்பது ஓர் ஆயில் படலம் மட்டுமே. தொட்டபெட்டா உச்சி வரை விடாமல் ஏறி வந்து, வண்டியை நிறுத்திய கையோடு சாவியைத் திருப்பி அணைத்துவிட்டால், பழுக்கக் காய்ந்திருக்கும் டர்போவில் தேங்கி நின்றுபோன ஆயில் அங்கேயே கரியாகும். ஒரு நிமிடம் என்ஜினை ஓடவிட்டு அணைப்பது நல்லது. எப்படியும் சிலர் அணைக்கத்தான் போகிறார்கள். அங்கே சிந்தெடிக் கரியாவது மினரலைவிடக் குறைவு. டர்போ பெட்ரோல் கார்களுக்கு உற்பத்தியாளர்கள் 5டபிள்யூ-30, 0டபிள்யூ-20 போன்ற சிந்தெடிக்கையே எழுதிவைப்பது இதனால்தான். அவற்றில் மினரல் ஊற்றி மிச்சம் பிடிக்க நினைப்பவர் டர்போவின் விலையை ஒருமுறை விசாரித்துப் பார்க்கலாம்.

இறக்கத்தில் நடப்பது வேறு. மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டாவது கியரிலேயே வர வேண்டும் என்பது பிரேக்கைக் காப்பாற்ற. பெட்ரோல் என்ஜினில் ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட்டு இப்படி இறங்கும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி, தேய்ந்த வால்வு சீல் வழியாக ஆயிலை உறிஞ்சிக்கொள்ளும். அடிவாரத்தில் ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் பின்னால் ஒரு கொத்து நீலப்புகை கிளம்பினால் சந்தேகமே வேண்டாம், சீல் போய்விட்டது. ஆயிலை மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது, எந்த ஆயிலானாலும்.

இதுவரை சொன்னது ஏற்றத்தில் உழைக்கும் வண்டிகளின் கதை. நீலகிரியில் அதைவிட அதிகம், ஏறவும் இறங்கவும் செய்யாமல் ஊருக்குள்ளேயே சுற்றும் வண்டிகள். ஹட்டி எனப்படும் மலைக் கிராமத்திலிருந்து பள்ளிக்கூடம், பள்ளிக்கூடத்திலிருந்து மார்க்கெட், மார்க்கெட்டிலிருந்து வீடு. ஒரு நடைக்கு மூன்று கிலோமீட்டர். இந்த வண்டிகளின் எதிரி சூடு அல்ல, சூடேறாமை.

கோத்தகிரி ஒர்க்‌ஷாப்பில் ஒரு ஸ்கூட்டரின் ஆயில் மூடியைத் திறந்த மெக்கானிக், அதன் அடியில் ஒட்டியிருந்த வெளிர்மஞ்சள் பசையை விரலால் வழித்து, வண்டிக்காரரான ஆசிரியையிடம் காட்டினார். பால்கோவா பதத்தில் இருந்தது. "ரேடியேட்டர் தண்ணீர் கலந்துவிட்டதா அண்ணா?" என்று அவர் பதறினார். "இந்த ஸ்கூட்டரில் ரேடியேட்டரே கிடையாதே டீச்சர்" என்று மெக்கானிக் சிரித்தார்.

அந்தத் தண்ணீர் பெட்ரோலிலிருந்து வந்தது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உருவாகிறது. பெரும்பகுதி புகைக்குழாய் வழியே போய்விடும். கொஞ்சம் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி உள்ளே இறங்கும். என்ஜின் நன்றாகச் சூடேறியிருந்தால் அதுவும் ஆவியாகி வெளியேறிவிடும். பத்து நிமிடத்தில் அணைத்துவிட்டால் குளிர்ந்த உலோகத்தில் பனியாகப் படிந்து ஆயிலில் கலக்கும். ஜூலைச் சாரலிலும் நவம்பர் மூடுபனியிலும் இது மேலும் கூடும். தண்ணீரோடு, எரியாமல் வழிந்த பெட்ரோலும் சேர்ந்து ஆயிலை நீர்க்கச் செய்யும்; இரண்டும் சேர்ந்து அமிலத்தையும் உண்டாக்கும்.

விலை உயர்ந்த ஆயிலுக்கு இந்த இடத்தில் எந்த மகிமையும் இல்லை. தண்ணீர் கலந்த சிந்தெடிக்கும் தண்ணீர் கலந்த மினரலும் வடித்துக் கொட்ட வேண்டியவையே. ஆயிரம் ரூபாய் ஆயிலை ஊற்றிவிட்டு, 'இது சிந்தெடிக், ஒன்றரை வருடம் வரும்' என்று விட்டுவைப்பதைவிட, கையேடு சொல்லும் தரத்தில் மினரல் ஊற்றி ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவது அந்த என்ஜினுக்கு நல்லது, பர்ஸுக்கும் நல்லது. வாரம் ஒருமுறையாவது அரைமணி நேரம் நிறுத்தாமல் ஓட்டினால் இன்னும் நல்லது. ஓர் எச்சரிக்கை: ரேடியேட்டர் உள்ள காரில் இதே பசை மூடியில் மட்டுமல்லாமல் ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கிலும் தென்பட்டு, ரேடியேட்டரின் கூலன்ட்டும் குறைந்துகொண்டே வந்தால், அது என்ஜின் தலைப்பகுதியின் இணைப்பை அடைத்து நிற்கும் ஹெட் கேஸ்கட்டின் வேலையாக இருக்கலாம். அப்போது வண்டியை எடுக்காமல் மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும்.

பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டுத் தரத்தில் வரும் டீசல் வண்டிகளுக்குக் குறுகிய ஓட்டம் இன்னொரு வகையில் தொல்லை. 2020 ஏப்ரல் முதல் வந்த இந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றின் புகைக்குழாயில், கரித்துகளைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று உண்டு. அது நிரம்பியதும், கூடுதல் டீசலைச் செலுத்தி, சூட்டை 600 டிகிரி வரை ஏற்றிக் கரியை எரித்துவிடும். அதற்குப் பதினைந்து இருபது நிமிடம் சீரான ஓட்டம் வேண்டும். கொண்டை ஊசிக்குக் கொண்டை ஊசி நின்று நின்று போகிற பாதையிலும், ஊருக்குள் சுற்றும் ஓட்டத்திலும் அந்த எரிப்பு பாதியில் நின்றுவிடும். செலுத்திய டீசலில் ஒரு பகுதி சிலிண்டர் சுவர் வழியே, என்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்புக்குள் இறங்கும். ஆயில் குறைகிறதா என்று பார்த்துப் பழகிய நமக்கு, டிப்ஸ்டிக்கில் அளவு ஏறுவது வினோதமாகத் தெரியும். மேல் கோட்டைத் தாண்டினால் உடனே மாற்ற வேண்டும்.

இந்த வண்டிகளில் மினரலா சிந்தெடிக்கா என்று கேட்பதற்கு முன்னால், ஆயில் எரிந்தால் எவ்வளவு சாம்பல் மிஞ்சும் என்று கேட்க வேண்டும். கரி எரிந்துவிடும், ஆயிலின் சேர்மானங்கள் விட்டுச்செல்லும் உலோகச் சாம்பல் எரியாது, வடிகட்டியிலேயே தங்கி அடைக்கும். அதனால் கையேட்டில் ஏபிஐ சிகே-4 என்றோ, ஐரோப்பியத் தரமான ஏசிஇஏ சி3 என்றோ போட்டிருந்தால் அதே எழுத்துகள் டப்பாவிலும் இருக்க வேண்டும். பழைய சிஐ-4 ஆயில் மலிவாகக் கிடைக்கிறது என்று இதில் ஊற்றக் கூடாது.

கிலோமீட்டர் கணக்கு மலையில் எப்படி ஏமாற்றுகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. தேயிலைத் தொழிற்சாலை ஜெனரேட்டருக்கும் டிராக்டருக்கும் ஆயில் மாற்றுவது மணிக்கணக்கில். பல என்ஜின்களுக்கு 250 மணி என்று இருக்கும். காருக்கும் பைக்குக்கும் மட்டும் கிலோமீட்டரில் சொல்கிறார்கள், ஏனென்றால் மீட்டரில் இருப்பது அதுதான். சமவெளியில் சராசரி 50 கிலோமீட்டர் வேகத்தில் 5,000 கிலோமீட்டர் ஓடிய என்ஜின் 100 மணி நேரம் உழைத்திருக்கிறது. மலையில் சராசரி 20 கிலோமீட்டர் வேகத்தில் அதே 5,000 கிலோமீட்டர் ஓடிய என்ஜின் உழைத்தது 250 மணி நேரம். மீட்டரில் இரண்டும் ஒன்று. பெரும்பாலான கையேடுகளின் பின்பக்கத்தில் கடினமான பயன்பாட்டுக்கென்று தனி அட்டவணை இருக்கும்: மலைப்பாதை, குறுகிய ஓட்டம், பாரம், தூசி. நீலகிரி வண்டிகளில் பெரும்பாலானவை அந்த அட்டவணையைச் சேர்ந்தவை. அதைப் புரட்டிப் பார்த்த வண்டிக்காரர்கள் குறைவு. சிந்தெடிக் ஊற்றினால் இடைவெளியை நீட்டலாம் என்ற வாக்குறுதி சமவெளி நெடுஞ்சாலையில் பலிக்கலாம், இங்கே அதை நம்பி இருக்க வேண்டாம்.

பைக் விஷயம் தனி. காரில் என்ஜினுக்கு ஓர் ஆயில், கியர்பாக்ஸுக்கு வேறு. பைக்கில் அதே ஒரு லிட்டர் ஆயில்தான் பிஸ்டனையும் கியரையும் கவனித்துக்கொண்டு, கிளட்ச் தகடுகளையும் நனைத்துக்கொண்டிருக்கிறது. கிளட்ச் வேலை செய்ய உராய்வு வேண்டும். கார் ஆயில்களில், குறிப்பாக எரிபொருள் சிக்கனம் என்று விற்கும் மெல்லிய சிந்தெடிக்குகளில், உராய்வைக் குறைக்கும் சேர்மானம் இருக்கும். காருக்கு வாங்கியதில் அரை லிட்டர் மிச்சம் இருக்கிறதே என்று பைக்கில் ஊற்றினால், சமதளத்தில் ஒன்றும் தெரியாது. பின்னால் ஆளும் மடியில் உர மூட்டையுமாகக் கொண்டை ஊசியில் திரும்பி ஏறும்போது என்ஜின் மட்டும் இரையும், வண்டி முன்னேறாது. பைக் ஆயிலுக்கு ஜப்பானியத் தரமான ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 முத்திரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கியர் இல்லாத ஸ்கூட்டரில் கிளட்ச் ஆயிலில் நனைவதில்லை, எனவே அதற்கு எம்பி என்ற முத்திரை. இந்த முத்திரை சரியாக இருந்தால் மினரலா சிந்தெடிக்கா என்பது இரண்டாம் கேள்வி. நூறு, நூற்றுப்பத்து சிசி பைக்குக்கு நான் மினரலே போதும் என்பேன், காலத்தில் மாற்றினால். அரைக் கிளட்சிலேயே ஏறி இறங்கும் ஊரில் தகட்டுத் தூளும் அந்த ஒரு லிட்டரில்தான் கலக்கிறது. பெரிய என்ஜின், அடிக்கடி மேட்டுப்பாளையம் ஏறி இறங்குகிற ஓட்டம் என்றால் செமி சிந்தெடிக்கோ முழு சிந்தெடிக்கோ காசுக்குத் தகும்.

கேரட்டும் முட்டைக்கோஸும் ஏற்றிக்கொண்டு இரவோடு இரவாக மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கி, மறுபாரத்தோடு ஏறும் பிக்கப்புகளுக்கு சிந்தெடிக் ஆடம்பரம் அல்ல. தினமும் முழு ஏற்றம் ஏறும் என்ஜின் அது. தோட்டத்துக்குள் பச்சைத் தேயிலை இழுக்கும் பழைய டீசல் ஜீப்புக்கு நேர் எதிர்: 15டபிள்யூ-40 மினரல், மணிக்கணக்குப் பார்த்து மாற்றுவது, அவ்வளவுதான். லிட்டர் கணக்கில் ஆயில் குடிக்கிற என்ஜினுக்கு சிந்தெடிக் ஊற்றுவது காசைப் புகையாக விடுவது.

சிந்தெடிக் போட்டால் பழைய என்ஜின் ஒழுகும் என்பதில் பாதி உண்மை இருக்கிறது. ஆரம்பகால சிந்தெடிக்குகள் ரப்பர் சீல்களோடு ஒத்துப்போகவில்லை. இப்போது அந்தக் குறை சரிசெய்யப்பட்டுவிட்டது. ஆனால் பிசின் அடைத்து மறைத்துவைத்திருந்த ஓட்டையை மெல்லிய ஆயில் கண்டுபிடித்துவிடும். ஒருமுறை சிந்தெடிக் போட்டால் மினரலுக்குத் திரும்பவே முடியாது என்பது பொய். அவசரத்துக்கு இரண்டையும் கலக்கலாம், தர எழுத்துகள் பொருந்தினால். ஆயில் கறுத்துவிட்டது என்று பதறுவதும் வேண்டாம். டீசலில் அது சில நூறு கிலோமீட்டரிலேயே கறுக்கும்; கரியைத் திரளவிடாமல் தன்னுள் பிடித்து வைத்திருக்கிறது என்பதற்கான அடையாளம் அது.

வடித்த ஆயிலை வேலிக்கம்பத்துக்குப் பூசுவது மலையில் பழைய வழக்கம். கரையான் வராது என்பார்கள். முதல் மழையில் அது ஓடைக்குப் போகும், ஓடை பவானிக்கோ மோயாற்றுக்கோ போகும். 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின் கீழ் வருகிற பொருள் அது. ஒர்க்‌ஷாப்புகள் அதை டிரம்மில் சேர்த்து மறுசுழற்சிக்கு விற்கின்றன. வீட்டில் மாற்றுகிறவரும் அங்கே கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம். காலி டப்பாவை மட்டும் அப்படியே விட்டுவர வேண்டாம். நல்ல நிறுவனத்தின் லேபிள் கிழியாத, மூடியோடு கூடிய காலி டப்பாவுக்குப் போலி ஆயில்காரர்களிடம் நல்ல விலை உண்டு. ஊற்றி முடித்ததும் ஸ்க்ரூடிரைவரால் டப்பாவின் அடியில் ஒரு துளை போட்டுவிடச் சொல்லுங்கள். ஒழுங்கான மெக்கானிக் முகம் சுளிக்க மாட்டார்.